ஃபிஷ் ஃபைண்டர் (கடலடியையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) அணைந்து அணைந்து எரிகிறதா?

பினாங்கில் தெலுக் பஹாங், பத்து மாவுங் பக்கம் கடலுக்குப் போகும் சிறு படகுகளில் இந்தக் கோளாறு வந்தால் உடனே திரையைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் மின்சாரம்தான் காரணம். கருவி ஓடும்போதே, அதற்கு வரும் வயர் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்து இங்கே 11-க்குக் கீழ் காட்டினால், நடுவில் எங்கோ உப்பு அரித்திருக்கிறது. முதல் சந்தேகம் ஃபியூஸ் ஹோல்டர்மேல்தான். பச்சை பூத்திருந்தால் சுரண்டிப் பயனில்லை, மாற்றுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அணைந்தால் கருவிக்குத் தனி பேட்டரி வையுங்கள்.

படகு நின்றால் கடலடி தெரிந்து, ஓடினால் மறைகிறதா? டிரான்ஸ்டியூசருக்கு (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) அடியில் காற்றுக்குமிழி ஓடுகிறது. 3 மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். அதன் முகத்தில் ஒட்டிய சிப்பியைக் கத்தியால் கீறவே கூடாது. பிளாஸ்டிக் அட்டை போதும்.