நிபோங் திபாலில் வாங்கிய பழைய பாய்மரப் படகு

விற்றவர் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். கிரியான் ஆற்றோரம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த 18 அடி ஃபைபர் படகுக்கு 12,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்டார்.

விலை பேசுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் கணீரென்ற சத்தம். பாய்மரக் கம்பிகளைப் பொருத்திய இடத்தில் ‘தொப்’. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே உள்ள பல்சா மரம் தண்ணீர் குடித்து உளுத்தால் அப்படித்தான் ஒலிக்கும். ஐயாவையே தட்டிப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் வாதமே இல்லை.

“சரி தம்பி, நீங்களே கணக்குப் போடுங்க.”

எபாக்சி என்ற இறுகும் பசை, கண்ணாடியிழைத் துணி, பிளைவுட், புதுக் கம்பிகள் எல்லாவற்றுக்கும் கடையில் வாங்கிய விலைத்தாளைக் காட்டினேன். 7,500க்கு முடிந்தது. கிழிந்த பாயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற குறையை அவர் முதலிலேயே விலையில் கழித்திருப்பார்.

மேல்தோலை வெட்டி, நனைந்த மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பிளைவுட்டை எபாக்சியில் பதித்துத் துணி ஒட்டினேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் எபாக்சி இறுகும்போது மேலே மெழுகு போல ஒரு பிசுக்கு படியும். அதைத் தண்ணீரில் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பூச்சு சரியாகப் பிடிக்காது.

தண்ணீர் நுழைந்தது திருகாணித் துளைகள் வழியாக. ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, எபாக்சியால் நிரப்பி, நடுவில் மறுபடி துளையிட்டேன். இனி திருகாணி மரத்தைத் தொடாது.