ஹாலுக்கு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் வாங்குகிறீர்களா? முதலில் வசனம் புரியட்டும்

ஸ்பீக்கர் வாங்கக் கிளம்புகிற எல்லோரும் முதலில் கேட்பது 5.1 (ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலியான பேஸுக்கு ஒரு சப்வூஃபரும்) வாங்கலாமா 7.1 (ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) வாங்கலாமா, எத்தனை வாட்ஸ் என்பதுதான். அந்த இரண்டு கேள்வியையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கும்போது ஒருவர் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சண்டை வந்தால் சத்தத்தைக் குறைப்பதும் பேச ஆரம்பித்தால் கூட்டுவதுமாக இருக்கிறாரா? அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது அதிகச் சத்தம் இல்லை, தெளிவான வசனம். தாத்தா பாட்டி முதல் சின்னப் பிள்ளை வரை உட்காரும் ஹாலில், சோபாவின் எந்த மூலையில் இருந்தாலும் பேசுவது புரிய வேண்டும். நான் ஒரு செட்டை மதிப்பிடுவது இதை வைத்துத்தான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. ஆனால் கடைசியில் மிச்சமிருக்கும் பணத்துக்கு, டிவி ஸ்டாண்டின் தட்டில் நுழைகிற அளவுக்குச் சின்னதாக ஒன்று என்றுதான் பலர் அதை வாங்குகிறார்கள். தலைகீழாக யோசியுங்கள். இடது, சென்டர், வலது என்ற முன்பக்க மூன்றுக்கும் பணத்தில் பெரும்பங்கைக் கொடுங்கள், மூன்றையும் ஒரே கம்பெனியின் ஒரே சீரீஸில் வாங்குங்கள், ஏனென்றால் ஒரு கதாபாத்திரம் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பேசிக்கொண்டே நடந்தால் குரலின் தன்மை வழியில் மாறக் கூடாது. பின்பக்கத்து சரவுண்டு ஸ்பீக்கர்கள் சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை, அவற்றை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

சென்டர் ஸ்பீக்கரிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நடுவில் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன டிரைவர்), இரண்டு பக்கமும் ஒவ்வொரு வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய டிரைவர்) என்று படுத்திருக்கும் மாடல்கள்தான் அதிகம். நேர் எதிரே உட்கார்ந்தால் அருமையாக இருக்கும், சோபாவின் ஓரத்துக்குப் போனால் இரண்டு வூஃபர்களிலிருந்தும் வரும் ஒலி வேறு வேறு நேரத்தில் காதை அடைந்து, குரலுக்கு முக்கியமான சில அலைவரிசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பேச்சு மங்கிவிடும். நீள சோபாவில் நாலைந்து பேர் உட்காரும் வீடென்றால் ட்வீட்டருக்குக் கீழே நடுத்தர ஒலிக்கென்று ஒரு சின்ன மிட்ரேஞ்ச் டிரைவரும் சேர்ந்த த்ரீ-வே (ஒலியை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும்) சென்டரைத் தேடுங்கள், இல்லாவிட்டால் இடது வலதுக்கு வாங்குகிற, தட்டிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரிலேயே மூன்றாவதாக ஒன்றை வாங்கி நிமிர்த்தி வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். எதை வாங்கினாலும் தட்டின் உள்ளே ஆழமாகத் தள்ளி வைக்காமல் விளிம்பு வரை இழுத்து வைத்து, கீழே இருந்தால் முன்பக்கத்தைக் காது மட்டத்தை நோக்கிக் கொஞ்சம் தூக்கி விடுங்கள், இதற்குச் செலவே இல்லை.

சரி, இப்போது டேப்பை எடுத்து ஹாலை அளந்துகொள்ளுங்கள். டிவிக்கும் சோபாவுக்கும் எவ்வளவு தூரம், சோபாவுக்குப் பின்னால் எவ்வளவு இடம், இந்த இரண்டு அளவும் பாதி முடிவைத் தாமாகவே எடுத்துவிடும். இடது வலது ஸ்பீக்கர்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்க்கும்போது நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 22 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது டால்பியின் பரிந்துரை. 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 2.4 முதல் 3.5 மீட்டர் வரும். சோபா பின்சுவரை ஒட்டியே இருந்தால் 7.1 வாங்காதீர்கள், பின்னால் வைக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடமே இல்லாமல் தலைக்கு மேல் மாட்டி வைப்பதில் பலன் கிடையாது. பக்கவாட்டில் 90 முதல் 110 டிகிரியில், காதுக்குச் சற்று மேலே இரண்டு சரவுண்டு போதும்.

தரையில் நிற்கும் உயரமான டவரா புக்‌ஷெல்ஃபா என்றால், குழந்தைகள் ஓடுகிற ஹாலுக்கு நான் புக்‌ஷெல்ஃப் பக்கம்தான். டவரில் சத்தம் இன்னும் தாராளமாக வரும் என்பது உண்மை, ஆனால் சப்வூஃபர் வைத்துக்கொண்டு 80 ஹெர்ட்ஸுக்குக் (எண் குறையக் குறைய ஒலி தாழும்) கீழே உள்ளதையெல்லாம் அதற்கு அனுப்பிவிட்டால் டவரின் ஆழமான பேஸுக்குப் பெரிதாக வேலை இல்லை. பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிற குழந்தை டவரைப் பிடித்தால் அது குழந்தையின் மேலேயே சாயும். சுவரில் உறுதியாக மாட்டுங்கள், ஸ்டாண்டில் வைத்தால் ஸ்பீக்கரை அதோடு இறுக்கிப் பொருத்துங்கள். ட்வீட்டரின் குமிழைச் சின்ன விரல் அமுக்கினால் பல நேரம் பழைய நிலைக்கு வராது, அதனால் துணி கிரில்லைவிட உலோக கிரில் உள்ளது நல்லது. சுவரை ஒட்டி வைப்பதென்றால் காற்றுத் துளை பின்பக்கம் இருக்கும் மாடலைத் தவிர்த்து முன்பக்கத் துளையோ துளையே இல்லாததோ பாருங்கள், இல்லையென்றால் பேஸ் பம்மென்று அடைத்துக்கொள்ளும்.

வாட்ஸ் கணக்குக்கு வருவோம். பெட்டியில் பிஎம்பிஓ (கண நேர உச்சம்) என்று போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்ஸை அப்படியே மறந்துவிடுங்கள், தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவான ஆர்எம்எஸ் மட்டும் பாருங்கள். அதைவிட முக்கியமானது சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பது. 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும், ஆகவே 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் தேவைப்படும் இடத்தில் 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 போதும். 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று 1 வாட்டிலேயே 3 மீட்டர் தள்ளி சுமார் 78 டெசிபல் கொடுக்கும், வீட்டில் கேட்க அதுவே நல்ல சத்தம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவே 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். அதனால் உண்மையான 50 வாட்ஸ் சாதாரண ஹாலுக்குத் தாராளம். ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியான ரிசீவரில் எழுதியிருக்கும் வாட்ஸ் பெரும்பாலும் இரண்டு சேனலை மட்டும் ஓட்டி அளந்தது, ஐந்தும் சேர்ந்து ஓடினால் அது குறையும். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் என்றால் ரிசீவர் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குட்டி குட்டிப் பெட்டிகளாக ஐந்தும், ஒரு சப்வூஃபரும் சேர்த்து ஒரே அட்டைப்பெட்டியில் வருமே, அந்த செட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குட்டி ஸ்பீக்கர்களால் சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும். ஆண் குரலின் அடிநாதம் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ், ஆக ஹீரோவின் முகம் டிவியிலும் குரலின் ஒரு பகுதி சோபா பக்கத்து மூலையிலும் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபமாகப் பிடிபடாது, சப்வூஃபரை அந்த இடத்தில் பிரிக்கச் சொல்வது அதனால்தான்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதை அறைதான் சொல்லும். 5 மீட்டர் நீள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸில் ஒலி அலை சுவர்களுக்கு இடையே நின்று தங்கும், ஒரு இடத்தில் அதிரும், இன்னொரு இடத்தில் காணாமல் போகும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் சப்வூஃபரைத் தற்காலிகமாக வைத்து, பேஸ் நிறைய உள்ள ஒரு பாட்டை ஓட விட்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து ஒவ்வொரு மூலையிலும் கேளுங்கள். எங்கே பேஸ் சீராகவும் இறுக்கமாகவும் கேட்கிறதோ அங்கே அதை வையுங்கள். கீழ்வீட்டில் ஆட்கள் இருந்தால் மூலையைத் தவிருங்கள், அடியில் தடித்த ரப்பரோ ஃபோமோ போடுங்கள்.

ஒயர் இழுக்கவே வழியில்லை என்றால் சவுண்ட்பார் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் தனி சென்டர் சேனலும் தனி சப்வூஃபரும் உள்ள 3.1 ஆகப் பாருங்கள். மேலே ஒலியை எறிந்து கூரையில் பட்டு இறங்க வைக்கும் அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) பார்கள் கூரை தட்டையாகவும் கெட்டியாகவும் இருந்தால்தான் வேலை செய்யும். டிவியோடு இணைக்க எச்டிஎம்ஐ இ-ஆர்க் (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் இணைப்பு) இருக்கட்டும், ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் வராது.

கடையில் கேட்கும்போது வெடியும் விமானமும் போட்டுத்தான் காட்டுவார்கள். நீங்கள் பேச்சு அதிகமுள்ள, பின்னணி இசையும் ஓடுகிற ஒரு காட்சியைப் போடச் சொல்லி, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஓரத்து இருக்கைக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு செட்டை ஒப்பிட்டால் சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள், லேசாக அதிகச் சத்தமுள்ளதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். வீட்டிலிருந்து யாருக்காவது காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் அவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர் சொல்வதற்கு மதிப்புக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லா ஒயரிலும் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒன்று மாறினாலும் பேஸ் மெலிந்து குரல் நடுவில் நிற்காது. ரிசீவரோடு வரும் மைக்கைக் காது உயரத்தில் வைத்து அளவெடுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு. ரிசீவர் தன் அமைப்பில் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டால் ‘ஸ்மால்’ ஆக்கி, பேஸ் சப்வூஃபருக்குப் பிரியும் இடமாக 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். வெறும் தரையும் கண்ணாடி ஜன்னலுமாக உள்ள ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் போட்டாலே பேச்சு தெளிவதை நீங்களே கேட்கலாம். அப்படியும் வசனம் அமுங்கினால் சென்டரை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு படம் பார்க்க நைட் மோடைப் போடுங்கள், அது வெடியைத் தணித்து முணுமுணுப்பைத் தூக்கிவிடும். அப்புறம், சோபாவை இடம் மாற்றினால் மைக்கை வைத்து மறுபடி ஒருமுறை அளவெடுத்துக்கொள்ளுங்கள்.