ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

லண்டனுக்கு வந்து இறங்கும் தமிழர்களில் பாதிப் பேராவது முதல் ஆறு மாதத்தில் ஒருமுறை ஈஸ்ட் ஹாமுக்கு வந்துவிடுவார்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் முருங்கைக்காய், வாழைப்பூ, ஈர்க்குத் துடைப்பம் வரை கிடைக்கும். மகாலட்சுமி கோயில் அதே தெருவில். மேனர் பார்க் பக்கம் நடந்தால் முருகன் கோயில் கோபுரம் தெரியும். நான் 2014-இல் வந்தபோது மேனர் பார்க்கில் ஒரு அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டேன். தைப்பூசத்தன்று அந்தக் கோயில் வாசலில் வரிசையில் நின்றபோதுதான், இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று மனசில் பட்டது. இன்றும் இங்கேதான் இருக்கிறேன். வேறு எங்கும் போகிற எண்ணம் இல்லை.

வாடகைக்கு வருகிறவர்களுக்கு இரண்டே விஷயம். டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருக்கும்வரை இதுதான் சட்டம். அந்தப் பணத்தை 30 நாளுக்குள் அரசு ஒப்புக்கொண்ட திட்டம் ஒன்றில் போட்டு உங்களுக்குத் தகவல் தர வேண்டும். "நம்ம ஆளுதானே, எதுக்குப் பேப்பர்" என்று சொல்கிற வீட்டுக்காரரிடம் அறை எடுக்காதீர்கள். அவர் தமிழர் என்றால் இன்னும் கண்டிப்பாக எடுக்காதீர்கள், பிறகு சண்டை போடவும் கூச்சமாக இருக்கும்.

சரி, வாங்குவதற்கு வருவோம். படிகள் எல்லோரும் சொல்வதுதான்: மார்ட்கேஜுக்கு (வீட்டுக் கடனுக்கு) ஒப்புதல், விலை பேசுதல், சொலிசிட்டர் என்கிற வக்கீல், கட்டடத்தின் நிலையைப் பார்க்கும் சர்வே, ஒப்பந்தப் பரிமாற்றம், சாவி. நம்ம ஊர் மாதிரி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து வீட்டைப் பிடித்துவைக்க முடியாது. ஒப்பந்தம் கைமாறி, வழக்கமான 10 சதவீதம் கட்டும்வரை விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம், கேட்க முடியாது. பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் தோண்டுவார். அம்மா நகையை விற்று அனுப்பினார்கள் என்றால் அதற்கும் காகிதம் வேண்டும். சீட்டு எடுத்த பணத்தை விளக்கி மாளாது.

முத்திரை வரியில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். முதல் வீடு வாங்குபவருக்கு 3,00,000 பவுண்டு வரை வரி இல்லை, விலை 5,00,000-ஐத் தாண்டினால் அந்தச் சலுகையே இல்லை. முதல் வீடு என்றால் இந்த நாட்டில் முதல் வீடு என்று நினைக்காதீர்கள், உலகத்திலேயே முதல் வீடு. திருச்சியில் உங்கள் பெயரில் ஃப்ளாட் இருந்தால், அப்பா இறந்தபின் வீட்டில் பங்கு வந்திருந்தால், சலுகை போய்விடும். உங்கள் பங்கு 40,000 பவுண்டு பெறுமானால் கூடுதலாக 5 சதவீதம் வேறு கட்ட வேண்டிவரலாம். இந்தக் கூடுதல் வரிக்குக் கணவன் மனைவி சொத்தைச் சேர்த்தே பார்ப்பார்கள். சொலிசிட்டர் கேட்கும்போது ஊர் வீட்டை மறைக்காதீர்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது.

இந்தப் பகுதி உழைப்பாளிகளுக்காகக் கட்டிய ஊர். பெக்டன் கேஸ் தொழிற்சாலை, ராயல் டாக்ஸ் துறைமுகம், ரயில் பட்டறை என்று வேலைக்குப் போனவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். 1889-இல் வில் தார்ன் என்ற தொழிலாளி சங்கம் அமைத்து எட்டு மணி நேர வேலையை வாங்கிக்கொடுத்தது அந்த பெக்டன் தொழிலாளர்களுக்குத்தான். தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. பின்னாளில் பல வீடுகளைக் கீழ் ஒன்று மேல் ஒன்று என இரண்டு ஃப்ளாட்டாகப் பிரித்துவிட்டார்கள். முழு வீட்டுக்கு வசதி இல்லாத நம்மைப் போன்றவர்கள் வாங்குவது அந்தப் பாதியைத்தான். அந்தப் பாதி பெரும்பாலும் லீஸ்ஹோல்ட்.

லீஸ் என்றதும் நமக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும். சென்னையில் ஐந்து லட்சமோ பத்து லட்சமோ கொடுத்து இரண்டு வருஷம் இருந்துவிட்டு, காலி பண்ணும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வோமே, அந்த லீஸ் இல்லை இது. முழு விலையும் கொடுத்து வாங்குகிறோம், ஆனால் நிலம் நம்முடையது இல்லை. ஊரில் ஃப்ளாட் வாங்கினால் பிரிக்கப்படாத நிலப் பங்கு என்று இத்தனை சதுர அடி பத்திரத்தில் வரும். இங்கே அப்படி ஒரு சதுர அடிகூட வராது. 99 வருஷத்துக்கோ 125 வருஷத்துக்கோ அங்கே இருக்கும் உரிமையைத்தான் வாங்குகிறோம். நாம் வாங்கும் நாளில் அது புதிதாகத் தொடங்குவதில்லை. என்றைக்கோ தொடங்கி ஓடிக்கொண்டிருப்பதில் மிச்சம்தான் நமக்கு.

2018-இல் நாங்கள் வாங்கிய மாடி ஃப்ளாட்டில் 81 வருஷம் மிச்சம் இருந்தது. ஏஜென்ட் நம்ம ஆள்தான். "81 வருஷம் இருக்கு சார், உங்க பையன் காலத்துக்கும் போதும்" என்றார். போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

80 என்பது ஒரு கோடு. அதற்கு மேல் மிச்சம் இருக்கும்போது சட்டப்படி லீஸை நீட்டிக்கக் கேட்டால், நிலத்துக்குச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருக்கு ஒரு தொகை கொடுத்து இன்னும் 90 வருஷம் சேர்த்துக்கொள்ளலாம், நிலத்துக்காக அவருக்கு வருஷா வருஷம் கட்டும் கிரவுண்ட் ரென்ட்டும் போய்விடும். 80-க்கு வந்துவிட்டால் மேரேஜ் வேல்யூ என்று ஒன்று கூடுகிறது. லீஸ் நீண்டதால் ஃப்ளாட்டின் மதிப்பு ஏறுகிறது அல்லவா, அந்த ஏற்றத்தில் பாதியையும் ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும்.

உடனே நீட்டித்திருக்கலாமே என்பீர்கள். அப்போது இருந்த சட்டப்படி, ஃப்ளாட் நம் பெயரில் பதிவாகி இரண்டு வருஷம் ஆகாமல் கேட்கவே முடியாது. எங்களுக்கு அந்த உரிமை வந்தபோது லீஸ் 79-க்குள் போயிருந்தது. வாங்கிய நாளிலேயே அது தீர்மானமாகிவிட்டது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. விற்பவருக்கு இரண்டு வருஷம் எப்போதோ முடிந்திருந்தது. சாவி கொடுக்கும் முன் லீஸை நீட்டிக்கக் கேட்டு அவரே ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் அனுப்பி, அதன் உரிமையை எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். நோட்டீஸ் போன தேதியில் எத்தனை வருஷம் மிச்சமோ அதுதான் கணக்கு. எங்கள் சொலிசிட்டர் இதைச் சொல்லவில்லை. அவர் அனுப்பிய நாற்பது பக்க அறிக்கையில், லீஸ் குறைவு என்றும் நீட்டிப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் ஒரே ஒரு வரி இருந்தது. கட்டணம் குறைவு என்று அவரைப் பிடித்தது நான். மனைவி அந்த வரியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டபோது, "எல்லாருக்கும் போடற வரிதான்" என்று சொன்னதும் நான்தான்.

கடைசியில் லீஸை நீட்டிக்க ஃப்ரீஹோல்டருக்குக் கொடுத்தது 16,000 பவுண்டு. அதில் ஏறக்குறைய 6,000 மேரேஜ் வேல்யூ. எங்கள் சொலிசிட்டர், எங்கள் மதிப்பீட்டாளர், அதற்கு மேல் எதிர்த்தரப்பின் சொலிசிட்டருக்கும் மதிப்பீட்டாளருக்கும் ஆன செலவு என்று இன்னும் 5,000. எதிராளியின் கட்டணத்தையும் நியாயமான அளவுக்கு நாமே கொடுக்க வேண்டும், சட்டம் அப்படி. கீழ் ஃப்ளாட்டுக்காரரும் சேர்ந்தால் இரண்டு பேருமாக ஃப்ரீஹோல்டையே வாங்கிவிடலாம். இரண்டே ஃப்ளாட் உள்ள வீட்டில் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். அவர் அதை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கோ இருக்கிறார். மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. அந்த வருஷம் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் மட்டும்தான் ஊருக்குப் போனேன், நாலு டிக்கெட்டுக்குப் பணம் இல்லை.

மளிகைக் கடையில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷமாக இங்கே. "தம்பி, வாங்கிறதெண்டா காணியோட வாங்குங்கோ" என்று நாங்கள் தேடிய நாளிலேயே சொன்னார். அந்தக் காலத்து விலையை வைத்துப் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். முடிந்தால் அவர் சொன்னபடி செய்யுங்கள். இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

ஃப்ளாட்தான் முடியும் என்றால், இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜனவரி 31 முதல் அந்த இரண்டு வருஷக் காத்திருப்பு கிடையாது, பெயர் பதிவானதுமே கேட்கலாம். மேரேஜ் வேல்யூவை ஒழிப்பதாக 2024 சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் நான் இதை எழுதும் இன்றுவரை அந்தப் பகுதி அமலுக்கு வரவில்லை. வந்துவிடும் என்று நம்பி 80-க்குக் கீழே போய் உட்காராதீர்கள். 80-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால், நீட்டித்துக் கொடுங்கள் என்றோ அந்தத் தொகையை விலையில் கழியுங்கள் என்றோ விற்பவரிடம் கேளுங்கள். அவரும் இதை அறிந்துதான் விற்கிறார். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஏஜென்ட் சொல்லும் எண்ணை நம்ப வேண்டியதில்லை. லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசுத் தளத்தில் 7 பவுண்டு கட்டினால் அந்த ஃப்ளாட்டின் பதிவேடு உடனே வரும். நம்ம ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலத்தான். லீஸ் எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை வருஷத்துக்கு என்பது அதில் இருக்கும். இரண்டாம் முறை வீடு பார்க்கப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள்.

போன மாதம் அலுவலகத் தம்பி ஒருவன் ஒரு ஃப்ளாட்டைப் பிடித்துப்போய் வந்தான். "நிறைய வருஷம் இருக்குன்னு சொன்னாங்கண்ணே" என்றான். எங்கள் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து பதிவேட்டை எடுத்தோம். 1985-இல் தொடங்கிய 125 வருஷம், 2110-இல் முடிகிறது. 80-ஐத் தொட 2030 வரை நேரம் இருக்கிறது. நீட்டிக்க ஆகும் செலவை ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி, அதை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். விற்பவர் அந்தச் செலவில் பாதிக்கு இறங்கியிருக்கிறார்.