சோலார் செல் கண்டுபிடிப்பாளர் ஒருவரின் காப்புரிமைகளைப் படிப்பது எப்படி?

"இத்தனை காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர்" என்று ஒருவரைப் பற்றி எழுதியிருந்தால், முதல் வேலையாக அந்த எண்ணை ஓரமாக வையுங்கள். ஒரே கண்டுபிடிப்பை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், சீனா என்று நான்கு இடத்தில் பதிந்தால் நான்கு எண்கள் கிடைக்கும், பிறகு அதிலிருந்தே ஒரு தொடர் விண்ணப்பம் போட்டால் இன்னொன்று கூடும். எல்லாம் ஒரே குடும்பம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெநெட் தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதன் குடும்பத்தைப் பார்க்க வசதி இருக்கிறது, இலவசம்தான். குடும்பங்களை மட்டும் எண்ணினால் பட்டியல் பாதியாகச் சுருங்கினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

சோலார் செல் தயாரிப்பில் ஒருவர் எதைத் தீர்க்கப் பார்த்தார், எப்போது வேறு பக்கம் போனார் என்பதுதான் நமக்கு வேண்டியது. உதாரணத்துக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எமானுவல் சாக்ஸை எடுத்துக்கொள்வோம். பழகிக்கொள்ள இவரைவிட நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் தேடுகிறவர்கள் வழுக்கி விழக்கூடிய எல்லாக் குழிகளும் இவர் கதையில் இருக்கின்றன.

பெயரில் ஆரம்பியுங்கள். சாக்ஸை எல்லோரும் ஈலை என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் காப்புரிமையில் எமானுவல் எம். சாக்ஸ் என்று இருக்கும். அதனால் சுருக்கப் பெயர், முதலெழுத்து உள்ளது, இல்லாதது என்று எல்லா வடிவத்திலும் தேட வேண்டும். ஒரே பெயரில் பலர் இருந்தால் முதல் பக்கத்தில் இருக்கும் ஊரையும் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்களையும் பொருத்திப் பார்த்துப் பிரிக்கலாம்.

அடுத்தது வகைக் குறியீடு, அதாவது காப்புரிமைகளைப் பொருள்வாரியாகப் பிரித்து வைக்கும் எண். பலர் சோலார் செல் என்றதும் எச்01எல் 31 என்ற வகையில் மட்டும் தேடிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். 2025 முதல் அந்த வகையே எச்10எஃப் என்று இடம் மாறிவிட்டது, அதனால் இரண்டிலும் தேட வேண்டும். அதோடு நிறுத்தினாலும் போதாது. தயாரிப்பு என்பது செல்லுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. சிலிக்கான் படிகம் வளர்ப்பது சி30பி-யில் இருக்கும், படிகத்தை அறுப்பது பி28டி-யில், மெல்லிய படலம் படிய வைப்பது சி23சி-யில். சாக்ஸின் பெயர் பெற்ற சோலார் வேலை படிக வளர்ப்பு. செல் வகையில் மட்டும் தேடுகிறவர் கண்ணில் அவர் பாதிகூடப் பட மாட்டார்.

ஆவணம் கையில் வந்ததும் முதல் பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கும் சின்ன எண்களைப் பாருங்கள். 72 என்றால் கண்டுபிடித்தவர் (பழைய அமெரிக்க ஆவணங்களில் 75), 73 என்றால் உரிமையாளர், 22 என்றால் விண்ணப்பித்த தேதி. ஒருவரின் வேலை வரலாறு பெரும்பாலும் 73-இல்தான் ஒளிந்திருக்கிறது, எந்த வருடம் யார் பெயர் அங்கே வருகிறது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு சிக்கல்: பல்கலைக்கழகங்கள் சில நேரம் தங்கள் வணிகப் பிரிவின் பெயரில் பதியும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் வென்ஹாமும் மார்ட்டின் கிரீனும், லேசரால் கீறிய பள்ளத்துக்குள் உலோகத்தைப் புதைக்கும் செல்லுக்கு 1988-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையில் (எண் 4,726,850) உரிமையாளர் யூனிசர்ச் லிமிடெட். பல்கலைக்கழகப் பெயரை வைத்துத் தேடினால் அது சிக்காது.

சரி, இப்போது உள்ளே. சுருக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள், தலைப்பையும் நம்பாதீர்கள். கடைசியில் இருக்கும் உரிமைகோரல்களுக்குப் போய், அதில் மற்ற எதையும் சார்ந்திராத முதல் கோரிக்கையை நிதானமாகப் படியுங்கள். சட்டம் பாதுகாப்பது அதைத்தான். பின்னணிப் பகுதியில் முந்தைய முறைகளைப் பற்றி என்ன குறை சொல்கிறார் என்பதையும் சேர்த்துப் படித்தால் அவர் எதோடு மல்லுக்கட்டினார் என்பது புரிந்துவிடும்.

சாக்ஸின் 4,661,200 எண் அமெரிக்கக் காப்புரிமை (1987) இழை வைத்து சிலிக்கான் ரிப்பன் வளர்ப்பது பற்றியது. சிலிக்கான் கட்டியைக் கம்பியால் அறுத்து வேஃபர் (செல் செய்வதற்கான மெல்லிய தகடு) எடுக்கும்போது கணிசமான பகுதி தூளாகப் போய்விடும். அறுக்கவே வேண்டாம் என்பது இங்கே யோசனை. உருகிய சிலிக்கான் (உருகுநிலை 1414 டிகிரி) இருக்கும் ஆழமில்லாத கலத்தின் அடியிலிருந்து, அந்தச் சூட்டைத் தாங்கும் இரண்டு இழைகள் மேலே வருகின்றன, நடுவில் உருகல் சோப்புப் படலம் போல விரிந்து நிற்கிறது, இழைகளை மேலே இழுக்க இழுக்க அது உறைந்து தகடாகிறது. இழைகள் ஓரத்தைப் பிடித்துக்கொள்வதால் வெப்பநிலை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அகலம் மாறாது. எனக்கு இதில் பிடித்ததே அந்த ஓரம்தான்: ரிப்பன் வளர்ப்பில் தொல்லை தருவதே ஓரம், அதற்கு ஒரு நூலைக் கொண்டு முடிவு கட்டிவிட்டார்.

பிறகு பட்டியலில் அவர் சோலாரை விட்டு மறைவது போலத் தெரியும். காரணம் 5,204,055 என்ற காப்புரிமை. 1989-இல் விண்ணப்பித்து 1993-இல் வந்த அது முப்பரிமாண அச்சு பற்றியது. தூளின் மேல் பசையைத் தெளித்து அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் முறை, கூடவே இன்னும் மூன்று பேர், உரிமையாளர் எம்.ஐ.டி. ஆகவே இடைவெளி கண்டால் ஓய்வு பெற்றுவிட்டார் என்று முடிவு கட்டாமல், வகைக் குறியீட்டை எடுத்துவிட்டு வெறும் பெயரில் ஒருமுறை தேடுங்கள். கடைசி ஒன்றரை வருடம் காலியாக இருந்தால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம், விண்ணப்பங்கள் வெளியாக 18 மாதம் ஆகும்.

காப்புரிமை சொல்லாத பகுதிக்கு வெளியே போகத்தான் வேண்டும். இழை ரிப்பனைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது 1994-இல் தொடங்கிய எவர்கிரீன் சோலார். 2008-இல் சிலிக்கான் கிலோ 400 டாலரைத் தாண்டியபோது சிலிக்கானை மிச்சம் பிடிக்கும் முறைக்கு ஏக மவுசு. அப்புறம் விலை தலைகுப்புற விழுந்ததும் அந்தச் சாதகம் கரைந்துபோனது, 2011-இல் நிறுவனம் திவாலானது. முதல் கோரிக்கையில் இதற்கெல்லாம் ஒரு தடயமும் இருக்காது. ஆனால் சாக்ஸ் விடவில்லை: அந்தத் திவாலுக்கு முன்பே 1366 டெக்னாலஜிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவராகியிருந்தார், அங்கே வேஃபரை உருகலிலிருந்தே நேராக எடுக்கும் முறையை வளர்த்தார்கள். இரண்டு காலத்து ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அறுக்காமல் வேஃபர் எடுப்பது என்ற ஒரே பிடிவாதம் தெரியும்.

கடைசியாக, காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 1995 ஜூன் 8-க்கு முன் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமைகளுக்கு வழங்கிய நாளிலிருந்து 17 வருடம் என்பது பழைய கணக்கு (அந்த நாளில் உயிரோடு இருந்தவற்றுக்கும் நிலுவையில் இருந்தவற்றுக்கும் அது அல்லது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், எது பிந்தியதோ அது), அதற்குப் பிந்தையவற்றுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். நடுவில், வழங்கிய நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கூகுள் பேட்டன்ட்ஸில் ஆயுள் முடிந்து காலாவதி, கட்டணம் கட்டாமல் காலாவதி என்று தனித்தனியாகக் காட்டும். இரண்டாவது வகை என்றால் உரிமையாளரே அதைப் பாதியில் கைவிட்டிருக்கக்கூடும், அந்த வருடத்தில் நிறுவனத்துக்கு என்ன ஆனது என்று தேடுங்கள். கூகுள் காட்டும் நிலை ஊகம்தான், அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள், முக்கியமான விஷயம் என்றால் அந்தந்த நாட்டுக் காப்புரிமை அலுவலகத்தின் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.