ஒரு சோறு பதம் டெஸ்டிங்குக்கு ஆகாது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குச் சரி. ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்த சோறு அது. சாஃப்ட்வேர் அப்படி வேகாது. மொரீஷியஸின் எபேனில் உட்கார்ந்து பிரான்ஸ் வாடிக்கையாளருக்கு டெஸ்டிங் செய்பவர்கள், இரு நாட்டு வழக்கங்களும் உரசும் இடங்களை முதலில் தோண்ட வேண்டும். பக் (நிரலில் உள்ள பிழை) அங்கேதான் குடியிருக்கும்.

முதலில் நேரம். மொரீஷியஸ் கடிகாரம் இப்போது ஆண்டு முழுக்க யூடிசி+4, அதாவது உலகப் பொது நேரத்துக்கு 4 மணி முன்னால். பாரிஸோடு உள்ள இடைவெளி அங்கே கோடையில் 2 மணி, குளிரில் 3 மணி. மார்ச் கடைசி ஞாயிறு பாரிஸில் 2:00 அடித்ததும் 3:00 ஆகிவிடும். அன்று 2:30 என்ற நேரமே கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறு அதே 2:30 இருமுறை வரும். 2:30க்கு வைத்த பில்லிங் வேலை ஒருநாள் ஓடாமல் போகலாம், இன்னொருநாள் ஒரே ஆளுக்கு இரண்டு பில் போடலாம். டெஸ்ட் சர்வரைப் பாரிஸ் நேரத்துக்கு மாற்றி, அந்த இரு நாளும் 1:55க்குக் கடிகாரத்தை வைத்து, 3:10 தாண்டும்வரை ஓடவிட்டுப் பாருங்கள். +4 என்று நிரலில் நேரடியாக எழுதியிருந்தால் அதையும் பக்காகப் பதியுங்கள்: 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை மொரீஷியஸும் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியது. அந்தக் காலப் பதிவுகள் தவறாக வரும்.

அடுத்து எண்கள். பிரெஞ்சுக்காரர் 1 250,50 என்று எழுதுவார். ஆங்கில அமைப்பில் ஓடும் நிரல் இடைவெளியையும் காற்புள்ளியையும் தூக்கிவிட்டால் 125050 ஆகிவிடும். மொரீஷியஸ் தொலைபேசி எண்ணுக்கான கட்டம் 8 இலக்கம் மட்டுமே ஏற்றால், 7 இலக்கத் தரைவழி எண் உள்ளவர் பதியவே முடியாது; 8 இலக்கம் மொபைல் எண்ணுக்கு.

பெயர்க் கட்டத்தில் தமிழ்ப் பெயரைப் போடாமல் விடாதீர்கள். "முத்துக்குமார்" கண்ணுக்கு 7 எழுத்து. கணினிக்கு 14 குறிகள். எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 42 பைட். 30 பைட் வரம்பில் வெட்டும் கட்டத்தில் "முத்துக்கு" என்று நின்றுவிடும். "கொ"வை ஒரே கொம்புக்காலாகவும், கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டி, இரண்டையும் தேடலில் போடுங்கள். ஒன்றுக்கு விடை வந்து மற்றதுக்கு வராவிட்டால், ஒப்பிடுமுன் எழுத்தைச் சீராக்கவில்லை என்று அர்த்தம்.

பக் கண்டதும் டிக்கெட், அதாவது டெவலப்பருக்குப் போகும் பிழைப் பதிவு. "பில் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் டெவலப்பர் திருப்பி அனுப்புவார், அரை நாள் போகும். இப்படி எழுதுங்கள்: "பில்ட் 412. மொழி பிரெஞ்சு. தொகை 1 250,50 தட்டிச் சேமித்தேன். வர வேண்டியது 1 250,50. வந்தது 125 050,00. மூன்று முறையும் அப்படியே." லாக்கில் (நிரல் தானே எழுதிவைக்கும் பதிவில்) உள்ள நேரத்தோடு எந்த ஊர் நேரம் என்பதும் வேண்டும். யார் எழுதிய நிரல் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த ஒரு வரியால் பக் பேச்சு ஆள் பேச்சாகிவிடும்.

திருத்தி வந்ததும் அதே படிகளை மறுபடி ஓட்டி, பிறகு அக்கம்பக்கத்தையும் பாருங்கள்: தொகை திருந்தியிருந்தால் தள்ளுபடி, வரி, அச்சுப் பிரதி.

தைப்பூசக் காவடிக்கு மொரீஷியஸில் விடுமுறை, பிரான்ஸில் வேலைநாள். ஜூலை 14 நேர்மாறு. ஆண்டு தொடங்கும்போதே இரு நாட்டு விடுமுறைகளையும் ரிலீஸ் அட்டவணையில் போட்டு, அவற்றின் முந்தைய நாளில் ரிலீஸ் வேண்டாம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.