சுள்ளென்ற வெயிலை மந்தாரமாகக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்சிக்கு மப்பும் மந்தாரமுமான வானம் வேண்டும்; படப்பிடிப்பு நாளில் பார்த்து வெயில் கொளுத்துகிறது. உடனே எக்ஸ்போஷரை (கேமராவில் பதியும் வெளிச்சத்தின் அளவை) இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்) இறக்கிவிடுகிறார்கள். இதுதான் அடிப்படைத் தவறு. கடும் வெயிலுக்கும் அடர்ந்த மேகமூட்டத்துக்கும் ஏறத்தாழ 3 ஸ்டாப் வித்தியாசம் இருப்பது உண்மை. ஆனால் நிஜ மந்தாரத்தில் எடுப்பவர் அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) அகலத் திறந்து அதைச் சரிக்கட்டியிருப்பார். வெறுமனே இருட்டினால் பகலில் எடுத்த இரவுக்காட்சி போலத்தான் இருக்கும்.

மேகம் செய்யும் பெரிய வேலை, வெளிச்சத்தை வானம் முழுக்கப் பரப்புவது. அதனால் நிழலின் விளிம்பு கரைந்துபோகிறது. மூக்குக்குக் கீழே கத்தியால் வெட்டியதுபோல ஒரு நிழல் விழுந்திருந்தால், கலர் கிரேடிங்கில் (எடுத்த பின் நிறம் திருத்தும் வேலையில்) என்ன செய்தாலும் அது வெயில்தான்.

ஆகவே நடிகரின் தலைக்கு மேல் ஸ்கிம்மர் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணித்திரை) பிடியுங்கள். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வெள்ளைப் பருத்தித் துணியும் போதும். அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். 4க்கு 4 அடி ஒரு முகத்துக்கு மட்டுமே காணும். இருவர் இடுப்பளவுக்குத் தெரிந்தால் 8க்கு 8 வேண்டும். நடிகர் நிற்கும் இடத்தில் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே விரலை நீட்டிப் பாருங்கள். விரலின் நிழல் கூர்மையாக விழுந்தால் துணி சன்னம். இன்னொரு மடிப்பு சேருங்கள். 8 அடித் துணி காற்றில் பாய்மரமாகிவிடும் என்பதால் ஸ்டாண்டுகளின் காலில் மணல்மூட்டையும் மேல் மூலைகளில் இழுகயிறும் கட்டாயம். காற்று வலுத்தால் தயங்காமல் இறக்கிவிடுங்கள், கீழே ஆள் நிற்கிறார்.

துணி ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்னால் வெயில்பட்ட சுவர் பளீரென்று காட்டிக்கொடுக்கும். நிழலில் இருக்கும் சுவரையோ அடர்ந்த மரங்களையோ பின்னணியாகத் தேர்ந்தெடுப்பதே வழி.

வைட் ஷாட்டைத் துணியால் மூட முடியாது. அங்கே சூரியனை நடிகரின் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். முகம் அவருடைய நிழலிலேயே இருக்கும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்ததும் வானம் தானாக வெளுத்துப்போகும். வேறு நாளில் குறையாகத் தெரியும் இது, இந்தக் காட்சிக்கு வரம். தலைமுடி ஓரத்தில் மின்னும் கோட்டை மட்டும் ஃபிரேமுக்கு வெளியிலிருந்து கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும். தரையில் நம் பக்கம் நீளும் நிழல் தெரியாதபடி முழங்காலுக்கு மேல் ஃபிரேம் வையுங்கள்.

கிரேடிங்கில் வானத்தைக் கருஞ்சாம்பலாக்குவது அடுத்த தவறு. மந்தார நாளில் பெரும்பாலும் ஃபிரேமிலேயே வெளிச்சமானது வானம்தான். நீலத்தை மட்டும் தேர்ந்து, நிறச்செறிவைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியமாக்கி, வெளிச்சத்தைக் கூட்டுங்கள். நிறச் சாயல்கள் குறைவாகப் பதியும் 8 பிட் பதிவில் இதை அதிகம் இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், இலைகளின் ஓரம் பிசிறடிக்கும். எனவே எடுக்கும்போதே வானத்தை ஃபிரேமில் குறையுங்கள். லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் நீலத்தை இன்னும் ஆழமாக்கும், கழற்றிவிடுங்கள்.

நிறத்தில் நிதானம் வேண்டும். மேகமூட்ட வெளிச்சம் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு, எண் கூடினால் நீலம் கூடும்) அளவில் இருக்கும், வெயிலைவிடச் சற்றே குளிர்ச்சி, அவ்வளவுதான். கேமராவின் ஒயிட் பேலன்ஸில் எண்ணை இறக்கினால் படத்தில் நீலம் கூடும்; 5600இலிருந்து 5000க்கு இறக்கினால் போதும். 4000க்குப் போனால் நிலவொளி ஆகிவிடும்.

ஷாட்டுக்கு முன் மானிட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள்: கார்க் கண்ணாடியில் சூரியப் புள்ளி, நெற்றி வியர்வையில் ஒரு மினுக்கு. காரைத் திருப்பி நிறுத்துங்கள், நெற்றியில் பவுடரை ஒற்றுங்கள்.