புட் ஆஃப்: 'இட்' எங்கே வரும்?

ஆங்கிலத்தில் புட் (put), ஆஃப் (off) இரண்டும் தனித்தனியே உங்களுக்குத் தெரிந்தவைதான். சேர்ந்தால் முதல் பொருள் 'தள்ளிப்போடு'. 'வீ புட் ஆஃப் த மீட்டிங் டில் மன்டே' என்றால், கூட்டத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டோம். இறந்த காலத்திலும் புட் அப்படியே நிற்கும்.

அடுத்த படியில் நிதானமாக இருங்கள், நான் வெகுநாள் இடறிய இடம் இது. 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' தவறு. தமிழில் 'தள்ளிப்போடு' பிரிவதில்லை. 'தள்ளி அதைப் போடு' என்று யாரும் சொல்லமாட்டோம். அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் இரண்டையும் ஒட்டியே வைக்கிறோம். அதனால் 'புட் ஆஃப்' என்று மனப்பாடம் செய்யாமல், 'புட் இட் ஆஃப்' என்றே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அழுத்தம் ஆஃப் மீது விழட்டும்.

பின்னால் இன்னொரு வினை வந்தால் '-இங்' வடிவம்: 'ஷீ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்'. 'டு கோ' வராது. தமிழில் 'போவதைத் தள்ளிப்போட்டாள்' என்கிறோம் அல்லவா, அந்த 'வதை' இருக்கும் இடத்தில் 'இங்' போடுங்கள்.

சரி, இரண்டாவது பொருள்: பிடிக்காமல் போகச் செய்வது. 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்'. வாடை தாங்காமல் ஆசையே போய்விட்டது. பிரிட்டிஷ் வழக்கில் கவனத்தைக் கலைப்பதற்கும் இதையே சொல்வார்கள். முகம் சுளிக்க வைப்பதைக் குறிக்கும் 'ஆஃப்-புட்டிங்' என்ற பெயரடையும் இதிலிருந்து வந்ததுதான்.

அகராதி என்றால் என் தேர்வு லாங்மேன், இணையத்தில் இலவசம். இந்த வினையின் நடுவே இருதலை அம்புக்குறி இருந்தால், பெயர்ச்சொல்லை ஆஃபுக்கு முன்னும் பின்னும் வைக்கலாம் என்று அர்த்தம். பொருளை மட்டும் தரும் ஆங்கிலம்–தமிழ் செயலிகள் இதற்குப் போதாது.

பின்சேர்க்கை: 'கால் ஆஃப்' (call off) இதேதானா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. 'கால் ஆஃப்' என்றால் ரத்து. கூட்டம் நடக்கவே நடக்காது. 'புட் ஆஃப்' என்றால் பிறகு நடக்கும். அப்புறம், அலுவலகக் கடிதத்தில் 'போஸ்ட்போன்' எழுதுங்கள், பேச்சில் 'புட் ஆஃப்' போதும்.